பொன்மலைச் சக்கரமும் மட்டுவார்குழலியின் முட்டியும்

தாயுமானவனுக்கு மட்டுவார்குழலியைக் கட்டிவைத்தவர்கள் பேர்ப் பொருத்தம் ஒன்றைத்தான் பார்த்தார்கள். மலைக்கோட்டைச் சாமி பேரும் அம்மன் பேரும் அப்படியே வாய்த்திருக்கிறதே என்று பெரியவர்கள் பூரித்துப்போனதில், பெண்ணின் கால் வில்லாக வளைந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை மறுநாள் காலையிலேயே கவனித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் பேர் 'வில்லு'. காப்பி கேட்டாலும் வில்லு, கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கூப்பிட்டாலும் வில்லு. அவளும் சிரித்துவைப்பாள், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது வலது முட்டியின் உள்பக்கம் தேய்ந்துபோய், ஸ்ரீரங்கத்து வீட்டு மாடிப்படி ஏறினால் அழுகையே வந்தது. தில்லைநகரில் டாக்டர் அனுசுயா அவள் எலும்பைத் திரையில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார்.

"முழு முட்டியையும் மாத்த வேண்டாம்மா. தேஞ்ச உள்பக்கத்துக்கு மட்டும் சின்னதா ஒரு துண்டு. அது எங்க, எந்தச் சாய்வுல உக்காரணும்னு நான் முன்னாடியே குறிச்சிடுவேன். குறிச்ச எல்லையைத் தாண்டி எலும்பைச் செதுக்க, ஆபரேஷன்ல நான் பிடிக்கற ரோபோ கை விடாது."

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் ரயில் சக்கரம் கடைந்து ரிட்டயரான தாயுமானவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படியே அந்த வளைவையும் நிமித்தி விட்ருங்க டாக்டர்."

"அது பிறவி வளைவுங்க. தேய்மானத்துல கூடுதலா வளைஞ்சதை மட்டும்தான் சரி பண்ணுவேன். முழுசா நிமித்தினா பாரம் வெளிப்பக்கம் போய், நல்லா இருக்கற அந்தப் பக்கமும் தேஞ்சிடும்."

"ரோபோவை வச்சுக்கிட்டுக் கோணலாவா வைப்பீங்க? ஒர்க்‌ஷாப்புல நான் இப்படி ஒரு வேலை பண்ணியிருந்தா…"

டாக்டர் அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "கால் உங்களோடதும்மா. நீங்க சொல்லுங்க."

மட்டுவார்குழலிக்கு நேர்க்கால் என்றால் ஆசையில்லாமலா? அந்தப் பேர் ஒழியுமே. ஆனால் இந்த மனுஷன் வைத்த பேருக்காக முட்டியின் நல்ல பாதியையும் கெடுத்துக்கொள்வதா? கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைச் சாப்பிட விடாமல் அவர் நடத்தும் பாடமும் ஞாபகம் வந்தது.

"ஏங்க, ரயில் சக்கரத்தை நேர்மட்டமா கடைஞ்சா என்ன ஆகும்?"

"சேச்சே, சாய்வு கொடுத்துத்தான் கடையணும். மட்டமா இருந்தா வளைவுல ஒழுங்கா திரும்பாது, தண்டவாளத்துல உரசித் தேஞ்சு…" பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் பாதியில் அவள் காலைப் பார்த்தார்.

"சக்கரத்துக்கு இருந்தா சாய்வு, எனக்கு இருந்தா கோணலா?"

டாக்டர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது, டாக்டர் குறித்தபடியே. மறுநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மெல்ல எட்டு வைத்தாள். "காலை நேரா வச்சு நடங்கம்மா" என்றாள் நர்ஸ் பிரேமலதா.

பின்னாலேயே வந்துகொண்டிருந்த தாயுமானவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நேராவெல்லாம் வேணாம்மா. அந்தச் சாய்வுல ஒரு கணக்கு இருக்கு. குழலி அவ நடையிலயே நடக்கட்டும்."

குழலியா! மட்டுவார்குழலி நின்றுவிட்டாள். முட்டி வலி உயிரை எடுத்தது. இருந்தாலும், இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று அசையாமல் நின்றாள்.