என் முறை வசனம்

டாக்டர் சொன்னதில் பாதியைத் திருநெல்வேலியிலேயே விட்டுவிட்டுத்தான் ஜோன்ஸ் அண்ணன் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறினான்.

குருவிகுளம் சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டு எனக்கு எட்டு மாதம் ஆகிறது. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. சொல்தான் வாய்க்கு வர முரண்டு பிடிக்கிறது. என் ரத்தத்தில் ஜீன் சோதனை பார்த்த டாக்டர், இந்த வகை ஜீன் இருந்தால் சிலருக்குத் தேறுவது தாமதமாகலாம், ஆனால் அது மட்டுமே தீர்மானிக்காது, பேச்சுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். அண்ணன் அப்பாவிடம் வந்து சொன்னது இதுதான்: "ஹெப்சி ஜீனே சரியில்லப்பா. இனி தேற மாட்டா."

மறுநாளே என் ராஜினாமாக் கடிதத்தை அவனே தயார் செய்துவிட்டான். பதினோரு வருடம் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொன்னவள் நான். கையெழுத்துப் போட்டால் கௌரவமாக விலகிவிடலாமாம். என் கௌரவத்தின் மேல் இவனுக்கு எவ்வளவு அக்கறை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். எங்கள் வேதமான பைபிளைக் கைமாற்றி ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குக்கூட முறை உண்டு. எட்டு மாதமாக எனக்கு மட்டும் இல்லை. பாவம், கஷ்டப்படுத்த வேண்டாம் என்று அன்பாகத் தாண்டிப் போவார்கள்.

அன்றும் அப்பா வாசித்துவிட்டு, வேதத்தை என் மடிக்கு மேலாக அண்ணனிடம் நீட்டினார். நடுவில் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லையும் வராத ஆட்டை இழுப்பதுபோல் இழுத்தேன். இரண்டு இடத்தில் தப்பாகச் சொல்லி, திரும்பப் போய்த் திருத்தினேன். குழம்பு ஆறிப்போனது. வசனத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

ஒரு வசனத்துக்கே இவ்வளவு நேரமென்றால் வகுப்பில் என்ன செய்வாய் என்று கேட்டு, அண்ணன் கடிதத்தை என் முன்னால் வைத்தான். அவனுக்கு அரசாங்க வேலை, ஓய்வுபெற இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

"அண்ணே... அந்த ஜீன்... அப்பா அம்மா... குடுத்தது. ஒனக்கும்... இருக்கலாம். நீ... எப்போ... ராஜினாமா பண்ணப்போற?"

அப்பா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். நான் கடிதத்தை நாலாக மடித்து, பக்க அடையாளமாக வேதத்துக்குள் வைத்து, அண்ணனிடம் கொடுத்தேன். அடுத்த வசனம் அவன் முறை.

இரண்டாம் சொல்லிலேயே அவனுக்கு நாக்குத் தடுக்கியது.

"அவசரமில்ல," என்றேன், என் வகுப்பில் சொல்வதுபோலவே. "மொதல்ல இருந்து வாசி."