வீங்கிய கன்னத்துக் காற்று

கடைவாய்ப் பல் வலித்து என் இடது கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. பழங்கால உலக வரைபடங்களை நகலெடுத்து, வண்ணம் தீட்டி, சுவரில் மாட்ட விற்கிற பட்டறை எங்களுடையது. படத்தின் நாலு மூலையிலும் கன்னம் உப்ப ஊதும் காற்று முகங்கள் இருக்கும். ஒரு முகம் அச்சில் அழிந்துபோனதால் கண்ணாடியில் என்னையே பார்த்து வரைந்தேன். அதை முடித்தால் பல் பிடுங்க அரை நாள் லீவு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

“என்னம்மா, காத்து ஒரு பக்கமா அடிக்குது?” என்றார் முதலாளி.

“வலிக்கிற பக்கம்தானே அடிக்கும், அண்ணே.”

வாங்க வந்தவர் அந்த முகத்தைத் தடவிப் பார்த்தார். “இதுதான் அசல் பழசு. இதே மூஞ்சி போட்ட படம் நாப்பது வேணும்.”

முதலாளி என் கன்னத்தைப் பார்த்தார். “ஆர்டர் முடியுற வரைக்கும் பல்லுல கை வச்சிராதம்மா.”

முப்பத்தொரு முகம் முடித்துவிட்டேன். அந்த அரை நாள் லீவு இன்னும் பாக்கி.