இரண்டு நகரம், அதே பன்னிரண்டு

வந்து பாருங்கள், மனச்சாட்சி உள்ளவர்களே, இந்தக் குறுகிய படிக்கட்டைப் பாருங்கள், மேலே காலியாக இருப்பது ஒரே ஓர் அறை, கீழே தெருவரை நிற்பது உழைத்துக் களைத்த ஒரு கூட்டம், அதன் நடுவே சுவரோடு ஒட்டி நிற்கும் இந்தப் பெண், பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுதும் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள், தன் நெஞ்சு அடித்துக்கொள்வது முன்னால் நிற்பவருக்குக் கேட்டுவிடுமோ என்று அஞ்சுகிறாள். பதினெட்டாயிரம் என்றுதானே விளம்பரத்தில் இருந்தது, பிறகு ஏன் தரகர் ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொருவர் காதோரமும் குனிந்து... பழைய நகரத்தில் சம்பளம் இருபதாயிரம், வாடகை எட்டு, மிச்சம் பன்னிரண்டு. இங்கே சம்பளம் முப்பது, அடேயப்பா முப்பதா என்று சொந்தபந்தமே வாயைப் பிளந்தது, வாடகை பதினெட்டு போனால் மிச்சம்... அதே பன்னிரண்டு! இதற்காகவா கணவனையும் மகளையும் அங்கே விட்டுவிட்டு, நாத்தனார் வீட்டுக் கூடத்தில் சுருண்டு படுத்தாள்? "அண்ணி, தப்பா நினைக்காதீங்க, ஞாயித்துக்கிழமை எங்க மாமியார் வீட்டு ஆளுங்க வராங்க, இடம் பத்தாது" என்று நாத்தனார் காலையில் சொன்னபோது, "அதனால என்னம்மா, வீடு பார்த்தாச்சு" என்று சிரித்தாளே, எந்த வீட்டைப் பார்த்தாள்? ஞாயிறு என்றால் நாளை மறுநாள், இந்த அறையும் கைவிட்டுப் போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில்...

"பதினெட்டெல்லாம் எப்பவோ போயாச்சு சார், மேல நிக்கிறவர் இருபது சொல்லிட்டார்." தரகரின் குரல் நெருங்குகிறது. முன்படியில் நிற்பவர் பேருந்து ஓட்டுநர், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கிறார். "இருபதா? அந்த ரூம்ல சோம்பல் முறிச்சா கை ஜன்னலுக்கு வெளியதான் இருக்கும், அந்தக் கைக்கும் தனி வாடகையா?" சிரிப்பு படிப்படியாக உருண்டு அடங்குகிறது, சிரித்தவர்களில் ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை, "சரி, இருபத்தொண்ணு" என்கிறார் ஓட்டுநரும், குரல் இறங்கி. அவள் கைப்பிடியைப் பற்றிய கைகளைப் பார்க்கிறாள், ஒன்றிலும் நரம்பு தெரியவில்லை, பயந்தவர்களின் நரம்பு உள்ளே ஒடுங்கிவிடும், அன்றாடம் தட்டித் தட்டி அவள் தேடுவது அதைத்தானே, அப்படியென்றால் எல்லோருக்குமா, தன்னைப் போலவே எல்லோருக்குமா? "நீங்க சொல்லுங்க மேடம்." இருபத்திரண்டு... யார் சொன்னது, தன் வாயா சொன்னது? மிச்சம் எட்டு, எட்டில் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், மகளின் பள்ளி... பின்னால் நிற்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு இறங்கத் தொடங்குகிறார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கிறார், அந்தப் பார்வையில் கோபம் இருந்தாலாவது தாங்கியிருப்பாள். "பரவாயில்ல தங்கச்சி, நல்லா இருங்க." அவளைத் தொடாமல் ஒதுங்கி இறங்குகிறார்.

சாவி கைக்கு வந்துவிட்டது, பயம் ஏன் போகவில்லை? அடுத்த ஆண்டு வாடகை ஒப்பந்தம் முடியும்போது இதே படியில் தன்னைவிடப் பயந்த ஒருத்தி வந்து நின்று, தன்னைவிட அதிகமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டால்... அப்படியானால் இந்த நகரத்தின் வாடகை என்பது நகரம் வைத்த விலை இல்லையோ, தன் நடுக்கத்துக்குப் போட்ட விலைதானோ? நாளை இப்படியொரு படிக்கட்டில் நிற்கப்போகும் தோழர்களே, உங்கள் காதோரமும் ஒருவர் குனிவார். விளம்பரத்தில் உள்ள தொகைக்கு மேல் ஒரு காசும் சொல்லாதீர்கள், பக்கத்தில் நிற்பவரின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள், அவரையும் சொல்ல விடாதீர்கள்!