ரம் இல்லாத வாஃபிள்

முதல் வாஃபிளை நானே கெடுத்தேன். கட்டம்போட்ட சூடான அச்சில் மாவை ஊற்றி மூடினால் ஐந்து நிமிடம் தொடக் கூடாது, ஓரத்தில் ஆவி வருவது நின்ற பிறகுதான் திறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டாவது நிமிடத்திலேயே கை போய்விட்டது. பாதி மேல்தட்டிலும் பாதி கீழ்த்தட்டிலும் ஒட்டிக்கொண்டு இரண்டாகக் கிழிந்து வந்தது. மரக்கரண்டியால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கரண்டி மாவை ஊற்றினேன்.

எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பேரை அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க என்று அதட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னால் ஒரு நிமிடம் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னலுக்குப் போவேன், தெருவைப் பார்ப்பேன், அடுப்புக்கு வருவேன், துடைத்த மேடையையே மறுபடி துடைப்பேன். பதினோரு மணிக்கு என் தங்கையும் அவள் கணவரும் பிரஞ்ச் சாப்பிட வருவதாக இருந்தது. காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக முடித்துவிடுகிற அந்த ஏற்பாடு என் வீட்டுக்காரருக்கு மட்டும் பிடிக்காது. ஒரு வேளைச் சாப்பாட்டை அநியாயமாகத் திருடிக்கொள்கிறோம் என்பார்.

விஷயம் இதுதான். என் தங்கை, எங்கள் சின்னவள், கர்ப்பமாக இருந்தாள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.)

அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். பத்து நாளுக்கு முன்னால் நீச்சல்குளத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், அதுவும் என் வார லீவு நாளாகப் பார்த்து. என் லீவு எந்தக் கிழமை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் வேலைக்குப் போனதும் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை என்று இருந்தது. அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெண் வந்தாலும், கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று கேட்டு, படிவத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்காமல் மிஷினைத் தொட மாட்டோம். நான் அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தேன். பார்க்க எனக்கு ஒரு வேலையும் இல்லை, பார்த்தேன். 'ஆம், பதினோரு வாரம்' என்று அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. மணிக்கட்டு மட்டும்தான் என்பதால் வயிற்றுக்குக் கவசம் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

மாட்டினால் வேலையே போகும் அளவுக்குத் தப்பு அது. ஆனால் அன்றைக்கு எனக்கு வேலையைப் பற்றிய பயம் வரவில்லை. முதலில் சந்தோஷம் வந்தது, அதற்கடுத்த நொடியே, பதினோரு வாரமாக என்னிடம் சொல்லவில்லையே என்று வயிறு எரிந்தது.

வயிறு எரிய எனக்கு உரிமை கிடையாது என்பதும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், முதல் தடவை, ஏழாவது வாரத்திலேயே அவள் என்னிடம்தான் ஓடி வந்து சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் ஒரே ஒருத்தரிடம், எங்கள் அத்தையிடம், சொன்னேன். அத்தையிடம் சொல்வதும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்று. வாழ்த்து மேல் வாழ்த்தாக வந்துகொண்டிருந்தபோதே, பத்தாவது வாரத்தில், அந்தக் கர்ப்பம் கலைந்தது. அதற்கப்புறமும் ஒரு மாதம் அவளுக்கு வாழ்த்துச் சொல்லிப் போன் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் அவளே, இல்லை, இப்போது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. என்னோடு அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. வருவாள், போவாள், சிரிப்பாள், எதையும் சொல்ல மாட்டாள். வீடு மாற்றியதைக்கூட அவர்கள் சாமான் ஏற்றுகிற அன்றைக்குத்தான் சொன்னாள்.

அதனால் இந்தத் தடவை எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவளாக, அவள் வாயால், என்னிடம் சொல்ல வேண்டும். அதுவரை நான் மூச்சுவிடக் கூடாது. ஒன்பது நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஓட்டை வாய் என்று பெயரெடுத்தவளுக்கு ஒன்பது நாள் என்பது எவ்வளவு நீளம் என்று மற்றவர்களுக்குப் புரியாது.

அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தது டிராமிசு வாஃபிள். டிராமிசு என்கிற அந்த இத்தாலியக் காபி இனிப்பு மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். மாவிலேயே கடுங்காபி டிகாக்ஷனும் கோகோவும் சேர்த்து வாஃபிள் சுட்டு, மேலே பச்சை முட்டை அடித்த சீஸ் கிரீமைப் போட்டு, ரம்மில் வேகவைத்த செர்ரியைச் சூடாக ஊற்றித் தருவதாகச் சொல்லியிருந்தேன். படிவத்தைப் பார்த்த பிறகு அதில் ஒவ்வொன்றாக அடித்தேன். காபி கூடாது, பச்சை முட்டை கூடாது, ரம் கூடவே கூடாது. மிஞ்சியது கோகோ. அதையும் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். ஆப்பிளை வேகவைத்துப் போட்டு ஒரு வாஃபிள் செய்துவிடலாம், யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஆப்பிளை வில்லை வில்லையாக நறுக்கி வெண்ணெயில் போட்டேன். பழுப்புச் சர்க்கரை, பட்டைப்பொடி, அரை எலுமிச்சைச் சாறு. ஆப்பிள் பாதி வெந்த பிறகுதான் பேரிக்காயைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கூழாகிவிடும். கிளறக் கூடாது, வாணலியைப் பிடித்துக் குலுக்கினால் போதும். நான் கிளறினேன். வில்லைகள் உடைந்தன. இன்னொரு பக்கம் ஓட்ஸை வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பொரபொரவென்று வறுத்தேன், மேலே தூவ. அதற்குள் அவள் என்ன சொல்வாள், நான் எப்படி ஆச்சரியப்பட வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். கெட்டில் மூடியில் என் முகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். நாடகத்தில் நாலாவது வரிசையில் நிற்பவள்கூட அதைவிட நன்றாக நடிப்பாள்.

சுட்ட வாஃபிளை அடுக்கினால் வியர்த்து நமுத்துவிடும் என்று ஓவன் கம்பித்தட்டில் தனித்தனியாக வைத்து முடித்தபோது காலிங்பெல் அடித்தது.

சின்னவள் மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். ஐயோ கையில என்னடி என்று கேட்டேன். அந்த வரியையும் ஒத்திகை பார்த்திருந்தேன். விழுந்ததைச் சொன்னாள், எக்ஸ்ரே எடுத்ததைச் சொல்லவில்லை. அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, பெயர்ப்பலகை எழுதுபவர். அன்றைக்கு மனிதருக்கு முகமெல்லாம் பல். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள். நான்கு பேருக்கும் தட்டு வைத்தேன். வாஃபிள் மேல் ஆப்பிளையும் பேரிக்காயையும் சூடாக அள்ளி ஊற்றினேன். பாகு கட்டங்களுக்குள் இறங்கியது.

சின்னவள் ஒரு வாய் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது ஒரு உதிரி பாகம் குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. டிராமிசு என்று சொன்னாயே, இது ஆப்பிளாக இருக்கிறதே என்று கேட்டார். ரம் தீர்ந்துபோச்சு என்று அவசரமாகச் சொன்னேன். எங்கே தீர்ந்தது, இங்கேதான் இருக்கிறது என்று எழுந்து போனார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் தன் சட்டையைத் தானே கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பாட்டிலைக் கையும் களவுமாகப் பிடித்து எடுத்து வந்தார். சீல் உடைக்காத பாட்டில். பக்கத்திலேயே புதுக் காபிப் பாக்கெட்டும் இருக்கிறது, எதற்காக அங்கே போய் வைத்தாய் என்றும் கேட்டார்.

சின்னவள் பாட்டிலைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் திருதிருவென்று விழித்தேன். ஒன்பது நாள் வாயைக் கட்டிய நான் கையைக் கட்டவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் சமையலிலேயே அத்தனையும் உளறிவைத்திருந்தேன்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வாஃபிள் மிஷின் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதை அணைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"ஃபார்மைப் பாத்தியா?" என்றாள்.

உன் முகத்தைப் பார்த்துவிட்டு நானாக ஊகித்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. திரும்பினேன்.

"பாத்தேன்."

"உன் வேலையா அது?"

"இல்ல. தப்புதான்."

"யார் யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"மாமாகிட்ட?"

"அவர்கிட்டயும் இல்லடி."

அவள் நம்பவில்லை. நம்பும்படி நான் எப்போது நடந்துகொண்டேன்? வாசல் பக்கம் திரும்பி, மாமா, ஒரு நிமிஷம் வாங்க என்று கூப்பிட்டாள். அவர் பாட்டிலோடு வந்தார், இப்போதாவது ஊற்றப்போகிறார்கள் என்ற நம்பிக்கையோடு.

"மாமா, இந்த ஒரு வாரமா அக்கா என்னைப் பத்தி என்ன சொன்னா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் முகத்தில் எதையும் மறைக்கிற வசதி கிடையாது.

"உன்னைப் பத்தியா? ஒண்ணும் இல்லயேமா. அவ பேசுறதே கம்மியா இருக்கு. பல்வலின்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட போலாம்னு கூப்பிட்டேன், முறைச்சா."

சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஒன்றுமில்லை, போங்க மாமா என்றாள். அவர் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இன்னைக்கு உன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தேன்" என்றாள். "அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. நீயே எடுத்துக்கிட்ட."

எனக்கு அழுகை வந்தது. அவள் சொல்லவேண்டியதை நான்தான் எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவைக்கும் கேட்டேன், போன தடவைக்கும் கேட்டேன். போன தடவைக்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை என்பது அதைச் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது.

மேடையில் சிந்திக் கிடந்த ஓட்ஸை அவள் விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மாப்பிள்ளையும் இவரும் எதற்கோ சிரித்தார்கள்.

"அது உனக்குத் தெரிஞ்சுபோச்சு, போகட்டும்" என்றாள் கடைசியில். "ஃபார்ம்ல இல்லாத ஒண்ணு சொல்றேன். விழுந்ததுலேர்ந்து பாத்ரூமுக்குப் போக பயமா இருக்குக்கா. லைட்டைப் போட்டுட்டு கீழ பாக்க மாட்டேங்கிறேன். போன தடவை அங்கதான ரத்தத்தைப் பாத்தேன். டாக்டர் எல்லாம் சரியா இருக்குங்கிறாங்க. இவரு குழந்தை ரூமுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சு முடிச்சிட்டாரு. அந்த மனுஷன்கிட்டப் போய் இதை எப்படிச் சொல்றது?"

என் வாயில் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பதினோரு வாரம் தாண்டினால் பயமில்லை, மணிக்கட்டில்தானே அடி, கண்டதை நினைக்காதே, நல்லதே நடக்கும். ஆஸ்பத்திரியில் தினமும் பத்துப் பேருக்காவது சொல்கிற வார்த்தைகள். ஒன்றையும் சொல்லவில்லை. அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் பேசினாள். எத்தனை தடவை எழுந்து போகிறாள், குளத்தில் பிள்ளைகள் குதிக்கும்போது என்ன தோன்றுகிறது, யாராவது வாழ்த்துச் சொல்லிவிடுவார்களோ என்று போன் அடித்தால்கூட எப்படி எடுக்காமல் விட்டுவிடுகிறாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு எதையும் அவ்வளவு நேரம் கேட்டுப் பழக்கமில்லை.

வெளியே இருந்து இன்னொரு வாஃபிள் கிடைக்குமா என்று இவர் குரல் கொடுத்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய் நின்றாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்றாள்.

இரண்டு வருடமாக அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. அப்படிக் கேட்க வேண்டிய மாதிரி எதையும் என்னிடம் சொன்னதே இல்லை.