மாநிலத்தின் மிகச் சிறிய ஏரி

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீரை ஏரி என்று கூப்பிட்டால் அந்தத் தண்ணீரே கூச்சப்படும். நாலு வாத்து இறங்கினால் ஐந்தாவது வாத்து கரையில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். ஆனால் அதைச் சுற்றியிருந்த வெற்றுத் தரை இருக்கிறதே, பிள்ளைகள் ஓடி விளையாட அதை விட்டால் வேறு இடம் கிடையாது. அந்த இடத்தின் மேல்தான் நகராட்சி கண் வைத்தது. குட்டையை மூடிவிட்டு லாரி நிறுத்தப் போகிறார்களாம்.

குட்டை என்றால் மூடலாம். ஏரி என்றால் கரையில் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது, சட்டம் அப்படி. ஆகவே தலைமையாசிரியர் விறுவிறுவென்று மேலே எழுதிப் போட்டார். 'அது குட்டை அல்ல, ஏரி. அரசின் மாநிலக் கையேட்டிலேயே மாநிலத்தின் மிகச் சிறிய ஏரி என்று அச்சாகியிருக்கிறது, புரட்டிப் பார்த்துக்கொள்ளவும்.'

எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கையேட்டில் இருந்தது உண்மைதான். அது கையேட்டுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது என்பதுதான் கூத்து.

இதே பள்ளியில் ஒரு காலத்தில் ஆண்டு மலர் போட்டார்கள். கட்டுரை முடிந்து பக்கத்தின் அடியில் இடம் காலியாகக் கிடந்தால், 'நம் மாநிலத்தை அறிவோம்' என்று துணுக்கு எழுதி நிரப்புவது மாணவர்கள் வேலை. பொறுப்பாசிரியரோ முதல் மூன்று வரியைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிற ஆள். இது தெரிந்த பிறகு சும்மா இருக்குமா பிள்ளைகள்? கொசு என்று ஒரு பையன், பட்டாசு என்று ஒரு பெண், இரண்டும் சேர்ந்து மூன்று வரி ஒழுங்காக எழுதுவார்கள். நாலாவது வரியிலிருந்து அவர்கள் ராஜ்ஜியம். மாநிலத்தின் மிக நீண்ட குகை எது? கணக்கு வாத்தியார் கொட்டாவி. மாநிலத்தின் அதிவேக விலங்கு எது? கடைசி மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்பு. மாநிலத்தின் மிகச் சிறிய ஏரி எது? பள்ளிக்குப் பின்னால் இருப்பது.

வினாடி வினாப் புத்தகம் தொகுத்த ஒரு புண்ணியவான் குகையையும் விலங்கையும் விட்டுவிட்டு ஏரியை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தப் புத்தகத்தைப் பார்த்து அரசுக் கையேட்டுக்காரர்கள் எழுதினார்கள். யாரும் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பட்டாசு இப்போது இதே பள்ளியின் நூலகர். கொசு? அவர்தான் தலைமையாசிரியர். கொசு என்கிற பெயர் அவருக்கு ஆறடிக்கு வளர்வதற்கு முன்னால் வைத்தது.

"இன்னைக்கு ஆபீசர் வர்றாங்க. நீ வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் தலைமையாசிரியர், நூலகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு.

"நான் எதுக்குடா திறக்கப் போறேன்? எழுதினது நீ. நான் சிரிச்சேன், அவ்வளவுதான்."

நில அளவைத் துறையிலிருந்து வந்த அந்த அம்மாள் சிரிப்பைப் பிறந்த வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். கரையில் நின்று கையேட்டைப் பிரித்தார். நூலகர் ஒரு பக்கம், தலைமையாசிரியர் ஒரு பக்கம். வகுப்பு ஜன்னல்கள் முழுக்கத் தலைகள்.

"இடம் சரியா இருக்கு. ஆழம் மட்டும் ஒத்துப் பார்த்துட்டா முடிஞ்சது" என்றவர் கணீரென்று வாசித்தார். "ஆழம், தலைமையாசிரியரின் முழங்கால் வரை."

தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. எழுதிய வரியை எழுதியவரே மறந்து தொலைத்திருந்தார். நூலகர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"பழைய காலத்து அளவை போலிருக்கு. சாண், முழம் எல்லாம் இல்லையா, அந்த மாதிரி" என்று அந்த அம்மாள் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். "பதிவுல இருக்கிறபடி இருந்தா ஏரின்னு எழுதிடுவேன். இல்லேன்னா குட்டைதான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்கதானே தலைமையாசிரியர்? இறங்குங்க சார்."

அது விளையாட்டுக்கு எழுதினது அம்மா என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏரியும் விளையாட்டாகிவிடும், நாளைக்கே லாரி வந்து நிற்கும். வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றினார், கால்சட்டையைச் சுருட்டினார், இறங்கினார்.

வெயில் காலம். தண்ணீர் கணுக்காலைத் தாண்டி நாலு விரல் ஏறி நின்றுவிட்டது. நடுவில் போய் நின்றார். அங்கேயும் அதே கதை. இடது பக்கம் போனார், வலது பக்கம் போனார், சேறுதான் ஏறியது. அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் குள்ளமான மனிதர். இந்த ஆறடிக்கு எங்கே போய் முழங்காலை நனைப்பது?

"தொடலையே சார்" என்று அந்த அம்மாள் பேனாவைத் திறந்தார்.

தலைமையாசிரியருக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரே தரையில், இரண்டு புத்தகப் பையை வைத்துப் பிள்ளைகள் கோல் கம்பம் ஆக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் லாரியா? முடியாது. என் மானம் கப்பலேறினால் ஏறட்டும் என்று முடிவு கட்டினார்.

பொத்தென்று தண்ணீருக்குள் முட்டி போட்டார். இஸ்திரி போட்ட கால்சட்டை சேற்றில் அமிழ்ந்தது.

"இப்பப் பாருங்கம்மா. முழங்கால் தண்ணிக்குள்ளதான் இருக்கு."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கையேட்டைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"நின்னுக்கிட்டுத்தான் அளக்கணும்னு போட்டிருக்கா மேடம்?" என்று நூலகர் பவ்வியமாகக் கேட்டார்.

பக்கம் முன்னும் பின்னும் புரண்டது. "அப்படி ஒண்ணும் இல்லை" என்ற அந்த அம்மாள், 'பதிவின்படி சரி, ஏரி' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். "அப்படியே இருங்க சார். பதிவுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

ஏரி பிழைத்தது. தலைமையாசிரியருக்குச் சந்தோஷத்தில் மூச்சே முட்டியது. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அன்று காலைதான் அவர் கையால் தண்டனை வாங்கி வராந்தாவில் முட்டி போட்டிருந்த ஒன்பதாம் வகுப்பு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மொத்தமாகக் கத்தியது.

"சார், கையைத் தூக்கணும் சார்!"

அவர் திரும்பி ஜன்னலை முறைத்தார். கொஞ்ச நேரம்தான் முறைக்க முடிந்தது. பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் நன்றாகத் தூக்கிக்கொண்டு, போட்டோவுக்குப் பல்லைக் காட்டினார்.