இருபத்தோரு வயதுக்கு ஒரு கேக்

அக்கா, நான்தான், குட்டி. வயது உண்மையில் இருபத்துமூன்று, காகிதத்தில் போன வாரத்தோடு இருபத்தொன்று. இருக்கும் இடம் ஓட்டலுக்குப் பின்புறம், லாரி வந்து அழுக்குத் துணி இறக்கும் இடத்தில், காலி டிராலி மேல். டைப் அடிக்கப் பொறுமை இல்லை. வாயால் சொல்கிறேன். நாம் பேசுகிற மாதிரி பேசினால் இந்தப் போன் கண்டபடி அடிக்கிறது. அதனால் செய்தி வாசிக்கிறவன் மாதிரி சொல்கிறேன். சிரிக்காதே.

என் வேலை உனக்குத் தெரியும். ஓட்டலின் அடித்தளத்தில் துணி துவைக்கிற அறை. மெஷினிலிருந்து வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் நான்கு முனையும் பிடித்து மடிக்க வேண்டும். ஒருவன் நான். எதிரில் கண்ணாடி அண்ணன். நாற்பதை நெருங்குகிறவர். வியர்த்தால் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கும், அதை முழங்கையால் தள்ளித் தள்ளியே ஆறு வருஷமாக மடிக்கிறார்.

இந்த நாட்டுச் சட்டப்படி இருபத்தொன்று ஆகாதவனுக்குக் குறைந்த கூலி. ஆனவனுக்கு முழுக் கூலி. ஒரே விரிப்பு அக்கா. அந்தப் பக்க முனைக்கு ஒரு கூலி, இந்தப் பக்க முனைக்கு ஒரு கூலி.

"என் பக்கத்த விட உன் பக்கம் மலிவுடா குட்டி," என்பார் அண்ணன். "பாத்துப் பிடி. சுருக்கம் உன் பக்கமே விழட்டும், அதுக்கு நஷ்டம் கம்மி."

நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே எரியும். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, பின்னால் அரசாங்க வேலைக்கு வயது மிச்சம் இருக்கட்டும் என்று இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னாரே, அது மட்டும் இல்லையென்றால் இங்கே வந்து இறங்கிய அன்றே நான் முழுக் கூலிக்காரன். யாரிடம் போய்ச் சொல்ல? காகிதம் பொய் என்று சொன்னால் ஆளே பொய் என்று அனுப்பிவிடுவார்கள்.

சரி, இருபத்தொன்று வரட்டும் என்று காத்திருந்தேன். வீட்டில் உங்கள் எல்லாரிடமும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. இங்கே யாருக்கு இருபத்தொன்று ஆனாலும் சூப்பர்வைசர் கேக் வாங்கி வருவார். பெரிய கேக், மேலே பேர் எழுதி. எல்லாரும் கை தட்டுவோம். அடுத்த வாரம் ஷிப்ட் பட்டியலில் அந்தப் பேருக்கு நேராக ஒன்றும் இருக்காது. டிராலி தள்ளிய நெட்டையனுக்கு அப்படித்தான் ஆனது. தலையணை உறை போட்ட இரட்டைச்சடைக்கும் அப்படித்தான். கேட்டால், "வேலைய விட்டு யாரையும் நான் எடுக்கலையே, இந்த வாரம் கூட்டம் கம்மி," என்பார். அதற்குப் பிறகு எந்த வாரமும் கூட்டம் கம்மிதான். அதனால் இந்த அறையில் யாரும் பிறந்தநாள் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

என் தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. ஒருநாள் மத்தியானம் நேராகச் சூப்பர்வைசர் அறைக்குப் போய்விட்டேன். நம் மொழிக்காரர்தான், அதனால் தைரியம்.

"சார், எனக்குப் பழைய கூலியே போதும். வயசு ஏறுனத விட்டுடுங்க."

"தப்பு தம்பி. இருபத்தொன்னு ஆனவனுக்குக் கொறச்சுக் குடுத்தா என்னைத் தூக்கி உள்ள போட்டுடுவாங்க. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப முழுக் கூலி குடுங்க சார். நான் அதுக்கு உழைக்கிறேன்."

சிரித்தார். கோபமாக இல்லை, பாசமாகத்தான். "முழுக் கூலிக்கு எனக்கு ஏற்கெனவே ஆள் இருக்காரேப்பா. சின்ன வயசுக் கூலின்னு எதுக்கு வெச்சிருக்காங்க? ஒண்ணும் தெரியாத பசங்களுக்கும் ஒரு கதவு தொறக்கட்டும்னுதான். உனக்குத் தொறந்துச்சா இல்லியா?"

"தொறந்துச்சு சார்."

"அதே கதவுல அடுத்தவன் வரணும்ல?"

அவர் சொன்னது பொய்யும் இல்லை. விரிப்பின் நீளம் எது அகலம் எது என்றுகூடத் தெரியாமல் வந்தவன் நான். மலிவு என்பதால்தான் எடுத்தார்கள். ஆனால் வேலை கற்றுக்கொள்ளும்வரைதான் குறைந்த கூலி என்றால், நான் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேனே? மீதி நாளெல்லாம் எதற்குக் குறைத்தார்கள்? இது அங்கே நிற்கும்போது தோன்றவில்லை. படி இறங்கும்போது தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

கீழே கண்ணாடி அண்ணன் விரிப்பைப் பிடிக்காமல் நின்றார். மேலே பேசினது அவருக்கு அரைகுறையாகக் கேட்டிருக்கிறது.

"உள்ள என்னடா சொன்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

"பழைய கூலிக்கே வர்றேன்னு சொன்னியா இல்லியா? வாயத் தொற. நீ அப்படிச் சொன்னா நாளைக்கு என்கிட்டயும் அதையேதான்டா கேப்பான். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நான் எந்த வயசுக்குடா திரும்பிப் போறது?"

"எனக்கு வேற வழி தெரியலண்ணே."

"தெரியலன்னா சும்மா இரு. என் சோத்துல கைய வைக்காத."

அதற்குப் பிறகு இருவரும் மறுபடி விரிப்பை மடித்தோம். முனையோடு முனை சேர்க்கும்போது கை உரசும் இல்லையா, அப்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வாரம் கேக் வந்தது. "ஊதுப்பா, ஊது!" என்று சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். ஊதினேன். வாழ்க்கையில் முதல் தடவை கேக் வெட்டுகிறேன் அக்கா, கத்தியைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணன் தன் துண்டை வாங்கி சோப்புத்தூள் டப்பா மேல் வைத்துவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

நேற்றுப் பட்டியல் ஒட்டினார்கள். என் பேருக்கு நேராக வெள்ளை.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அடடா, அப்பவே இன்னும் ரெண்டு சேத்துக் கொறச்சிருக்கணும்டா." சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, வெகு நேரம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அறையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாதே.

இன்றைக்கு யூனிபார்மைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். சூப்பர்வைசர் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். "துவைச்சே கொண்டாந்திருக்க. கை சுத்தமான குடும்பம்," என்றார். பிறகு, "உன் தம்பிக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சாமே?" என்றார்.

எனக்குத் தம்பியே இல்லை என்று பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். நம் சின்னவன்தான். கூடத்துச் சுவரில் சாய்ந்து, என் பழைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு இளிக்கிறான். 'சார் எந்த வேலையும் செய்வேன்' என்று எழுதியிருக்கிறான். அப்பாதான் அவனுக்கு இவர் நம்பரைக் கொடுத்தாராம். எனக்குத் தெரியாது அக்கா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

"மூணு வருஷம் தாராளமா ஓடும்," என்றார் சூப்பர்வைசர். பையனைப் பற்றிச் சொல்கிற மாதிரி இல்லை, டயரைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. பாஸ்போர்ட் நகல் மட்டும் வந்தால் போதுமாம். அவன் நிற்கப்போவது என் இடத்தில், கண்ணாடி அண்ணனுக்கு எதிரில்.

சின்னவனுக்கு நான் போன் போட்டேன். "உனக்கு வேல போன எரிச்சல்ல பேசுற, நான் வந்தா உனக்கென்ன?" என்று வைத்துவிட்டான். நான் இனிச் சொன்னால் கேட்க மாட்டான். நீ சொன்னாலும் கேட்க மாட்டான்.

அதனால் அவனிடம் பேசாதே. அப்பாவிடமும் கேட்காதே. இதைப் படித்த உடனே வீட்டுக்குப் போ. பீரோவில் அம்மா புடவைக்கு அடியில் அவன் பாஸ்போர்ட் இருக்கும். எடுத்துக்கொண்டு போய் உன் மாமியார் வீட்டில் வைத்துக்கொள். யார் கேட்டாலும் கொடுக்காதே. எடுத்ததும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு.