பிரேக் இல்லாத வண்டி

கைக்குப் பயிற்சி கொடுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னால் ஊரில் எல்லாரும் ரப்பர் பந்து வாங்குவார்கள். தம்பி ஏரோப்ளேன் வாங்கிக்கொண்டு வந்தான்.

அதுவும் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டியில். படிக்கட்டில் இடித்து, கதவில் இடித்து, கடைசியில் தையல் மேஜை மேல் அக்கா வெட்டி அடுக்கியிருந்த சீருடைத் துணிகளின் மேலேயே அதை இறக்கி வைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு என்ன வயசாவுது? மூளை கீளை கழண்டு போச்சா?"

"புதுசா பழகறவங்களுக்குன்னே செஞ்சதுக்கா. பேட்டரில பறக்கும். சும்மா பந்த அமுக்கிட்டே உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

அவன் பஸ் ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. டிப்போவில் அவனுக்கு 'ஸ்டெடி' என்று பெயர். டீ கிளாஸை முன்னால் வைத்துவிட்டு ஓட்டினாலும் ஒரு சொட்டு சிந்தாது என்பார்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் காலையில், டிப்போவில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, வாய் கோணி வலது கை தொங்கிப்போனது. லேசான பக்கவாதம்தான், நல்ல வேளையாகச் சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வாய் நேராகிவிட்டது. கையும் வந்துவிட்டது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணம் அமையவில்லை. அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். மறுபடி பஸ் ஓட்டலாமா கூடாதா என்பதை அவர்தான் முடிவு செய்வார். போன தடவையே அவர் அக்கா பக்கம் திரும்பி ஒன்று சொல்லியிருந்தார். "என் முன்னால கொஞ்ச நேரம் எல்லாரும் நல்லாத்தான் செஞ்சு காட்டுவாங்கம்மா. வீட்ல கை எப்படி இருக்குன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். உங்க வார்த்தைய நம்பித்தான் நான் எழுதுவேன்."

அன்றிலிருந்து அவள் அந்தத் திங்கட்கிழமை வராமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஏனென்றால் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தம்ளர் நழுவியதையும் பார்த்தாள், சாவியைப் பூட்டில் நுழைக்க அவன் திணறியதையும் பார்த்தாள். கேட்டால் 'வழுக்கிடுச்சு' என்பான். தம்ளர் யாருக்குத்தான் நழுவாது என்று அவளும் மனதைத் தேற்றிக்கொள்வாள். பஸ்ஸைப் பிடுங்கிவிட்டால் இவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் தையல் மேஜையைக் காலி செய்து கொடுத்தாள். விமானத்தின் உடம்பு முழுக்க ஃபோம். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. இரண்டு பாதி இறக்கையை நடுவில் ஒரு மெல்லிய குச்சி வைத்துச் சேர்த்து, டேப் ஒட்டி, உடம்பின் மேல் குறுக்காகப் படுக்க வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும்.

"இவ்ளோ காசு வாங்கிட்டு ரப்பர் பேண்டா? நல்லா ஏமாந்திருக்கடா."

"விழுந்தா இறக்கை உடையாம கழண்டுக்கணும்ல, அதுக்குத்தான்."

"விழும்னு அவனே சொல்லித்தான் விக்கிறானா!"

வால் பகுதிக்கு மட்டும் திருகாணி. மிளகை விடச் சின்னது. தம்பி வலது கையால் ஒன்றை எடுத்தான். நழுவியது. ஊசி பொறுக்க வைத்திருந்த காந்தத்தைத் தரையில் ஓட்டி அக்கா அதை எடுத்துக் கொடுத்தாள். மறுபடி நழுவியது. மூன்றாம் முறை அவன் சத்தமில்லாமல் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "இந்தப் பக்கத்துக்கு இடது கைதான் வசதி" என்றான். அவள் ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியை எடுத்து மறுபடி கோக்க உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும், இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை மட்டும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். வால் பக்கம் சாய்ந்தது. பேட்டரியைக் கொஞ்சம் மூக்குப் பக்கம் தள்ளினான், நேராக நின்றது. முதலில் ரிமோட்டைப் போட்டு, அப்புறம் பேட்டரி வயரைச் சொருகினான். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சி மோட்டாருக்கு, வலது குச்சி திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும். வலது கட்டைவிரலால் அசைத்தான். வாலில் இருந்த சுக்கான் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பியது.

"தலையாட்டுது பாருக்கா!" என்று அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் மனசு லேசாகிவிட்டது. இது ஒழுங்காகப் பறந்துவிட்டால் போதும், டாக்டரிடம் நிமிர்ந்து நின்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்குப் போனார்கள். இடது பக்கம் ஒரு கம்பி வேலி, அதற்கு அப்பால் ஆட்கள் நடக்கிற பாதை. வலது பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை காலி. காற்று வரும் திசையைப் பார்த்து அக்கா விமானத்தைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு ஓடி, விட்டெறிந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இந்த வயதில் என்ன கூத்து இது என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

விமானம் விர்ரென்று ஏறியது. காற்று ஒரு தட்டுத் தட்டியதும் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், தம்பி மோட்டாரை மொத்தமாக நிறுத்திவிட்டான். அதோடு வலது காலைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். விமானம் கல் மாதிரி புல்லில் விழுந்தது.

"ஏன்டா மோட்டார நிறுத்தின?"

"ஆடுச்சுக்கா. அதான் நிறுத்தினேன்."

"சரி, கீழ எதை மிதிச்ச?"

அவன் தன் காலைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவன் சிரித்து எத்தனை நாளாகிறது! பாவம், அவன் மேல் தப்பில்லை. இத்தனை வருடமும், சந்தேகம் வந்தால் முதலில் நிறுத்து என்றுதானே கை காலெல்லாம் பழகியிருக்கிறது. பஸ் நிறுத்தினால் நிற்கும். இது நிறுத்தினால் விழும்.

கழன்ற இறக்கையை மறுபடி கட்டினார்கள். இரண்டாவது தடவை அவன் மோட்டாரை நிறுத்தவில்லை. விமானம் உயர்ந்தது, வட்டம் போட்டது, அவர்கள் தலைக்கு மேலே திரும்பி வந்தது. ஸ்டெடி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கை சரியாகத்தான் இருக்கிறது, வீணாகப் பயந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வட்டத்தின் கோடியில் விமானம் வேலிப் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. பாதையில் ஒருவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான்.

"வலது பக்கம் திருப்புடா."

"திருப்பிட்டேன்."

விமானம் நேராகப் போனது.

"திருப்புடா!"

"திருப்பிட்டுத்தான்கா இருக்கேன்!"

அவள் பார்வை வானத்திலிருந்து இறங்கி அவன் கைக்கு வந்தது. வலது கட்டைவிரல் குச்சியின் மேல் அப்படியே கிடந்தது. அசையவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால், முழு மூச்சாகத் திருப்பிக்கொண்டிருக்கிற முகம். பாதையில் வந்தவன் குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான். விமானம் வேலிக் கம்பியில் மோதி மூக்கு நொறுங்கி இந்தப் பக்கமே விழுந்தது.

பாதையில் வந்தவன் இவர்களைப் பார்த்து ஏதோ கத்திவிட்டுப் போனான். திட்டுத்தான். இவர்கள் மன்னிப்புக் கேட்பதற்குள் தூரம் போய்விட்டான்.

"சிக்னல் போயிடுச்சு" என்றான் தம்பி, வேலியருகே வந்து.

அக்கா ரிமோட்டை வாங்கி வலது குச்சியைத் தள்ளினாள். உடைந்து கிடந்த விமானத்தின் வாலில் சுக்கான் சமர்த்தாகத் திரும்பியது. அவன் ரிமோட்டைப் பிடுங்கித் தானும் தள்ளிப் பார்த்தான். இப்போது விரல் அசைந்தது. சுக்கானும் திரும்பியது.

"பாத்தியா? நல்லாத்தான் இருக்கு. நான் அப்பவும் திருப்பினேன்கா. சத்தியமா."

"நீ திருப்பல."

"திருப்பினேன்."

"நான் உன் விரலைத்தான் பாத்துட்டிருந்தேன். அது அசையவே இல்லடா."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இப்படியா வெளியே வர வேண்டும்? அவன் கட்டைவிரலை மடக்கினான், நீட்டினான். அடுத்த வீட்டுக்காரனுடைய விரலைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் குனிந்து ஃபோம் துண்டுகளைப் பொறுக்கினான். பைலட் உட்காருகிற இடம் போலக் கறுப்பு வர்ணம் அடித்திருந்த துண்டு மட்டும் முழுசாகக் கிடைத்தது.

"நல்ல வேளைக்கா" என்றான். "இதுல யாரும் உக்காரல."

அக்கா அந்தத் துண்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு டாக்டர் என்கிட்டதான்டா கேப்பாரு."

"தெரியும். நீ வாயே திறக்காத."

மறைக்கச் சொல்கிறான் என்று நினைத்தாள். சொன்னால் மறைத்தும் விடுவாள், அதுதான் அவளுக்குப் பயம். நேற்று ராத்திரி படுத்தபடியே, 'நல்லாத்தான் இருக்கான் டாக்டர், ஒரு குறையும் இல்ல' என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது.

"நானே சொல்லிடறேன்" என்றான் தம்பி. "இப்ப பாத்தல்ல, அதை அப்படியே சொல்றேன். அக்கா சொல்லித்தான் பஸ் போச்சுன்னு எனக்கும் மனசுல இருக்க வேணாம், உனக்கும் இருக்க வேணாம்."

அக்கா அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள்.